துவங்கா மடிக்கணினி: பரபக்கமும் சுபக்கமும்

‘லேப்டாப் ஆன் ஆக மாட்டேங்குது’ என்னும் வாக்கியத்தை ஆராயப் புகுவோர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம், அதற்குக் குறைந்தது நான்கு பொருள் உண்டு என்பதே. பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியாமல் கிடப்பதையும் இப்படித்தான் சொல்கிறார்கள். விளக்கு எரிந்து, விசிறி இரைந்து, திரை மட்டும் கறுத்து நிற்பதையும் இப்படித்தான் சொல்கிறார்கள். கம்பெனிச் சின்னம் பளிச்சென்று வந்து போய், பிறகு வெள்ளை எழுத்தில் ஓர் ஆங்கில வரி வந்து நின்றுவிட்டாலும் இதே வாக்கியம்தான். விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் விடிய விடிய வட்டமிட்டாலும் இதே வாக்கியம்தான். கடவுச்சொல்லை மறந்துவிட்டு இதைச் சொல்வோரும் உண்டு. அவர்கள் வேறு துறையினர். இந்த ஆய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்.

நோய் நான்கு, பெயர் ஒன்று என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மருந்தும் ஒன்றாக இருப்பதுதான் ஆய்வாளனை உறங்கவிடாதது. கும்மிடிப்பூண்டி முதல் குமரி வரை, கடைக்கார அண்ணனானாலும் பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையனானாலும், கணினியின் மூடியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: “ஃபார்மட் அடிச்சிரலாம்.” கணினி எந்த இடத்தில் நின்றது என்று கேட்காமல் அதற்கு ஓ.எஸ். போடுவது தர்க்கப் பிழை என்றும், அதைக் கேட்டுவிட்டால் பல சமயம் ஓ.எஸ். போடவே வேண்டியிராது என்றும் நிறுவுவதே இக்கட்டுரையின் கருத்து.

மாற்றார் கொள்கையை மறுத்துத் தன் கொள்கையை நிறுவுவதற்குத் தமிழில் முறையான வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கத்தில் உலகாயதர் தொடங்கிப் பதினான்கு மதத்தாரை வரிசையாக நிறுத்தி, அவரவர் வாதத்தை முழுதாகப் பேசவிட்டு, அதன்பின் மறுக்கிறார். மடிக்கணினித் துறையில் அத்தனை மதங்கள் இல்லை, நாலைந்துதான் தேறும். ஆனால் நம்பிக்கையின் உறுதியில் இவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.

பரபக்கம்

முதலில் உலகாயதர். கண்ணால் காண்பதும் கையால் தட்டுவதுமே இவர்களுக்குப் பிரமாணம். வால்வு ரேடியோவையும் படம் உருளும் டிவியையும் தலையில் ஒன்று போட்டு வழிக்குக் கொண்டுவந்த பரம்பரை. அக்காலத்தில் அது பலித்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே தளர்ந்திருந்த இணைப்பு அதிர்ச்சியில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மடிக்கணினியின் பழைய வகை ஹார்டு டிஸ்கில் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தலை மிதந்துகொண்டிருக்கிறது. அதன்மேல் ஒன்று போட்டால் தலை தட்டில் இடித்து, அங்கே எழுதியிருந்தது எதுவோ அதுவாகப் போகும். எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் தட்டுவதால் கை வலிக்கும். இம்மதம் இத்துடன் மறுக்கப்பட்டது.

அடுத்தவர் முப்பது வினாடியார். சார்ஜரைப் பிடுங்கு, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்று, பவர் பொத்தானை முப்பது வினாடி அழுத்திப் பிடி, பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் பார் என்பது இவர்கள் கோட்பாடு. முப்பது ஏன், இருபத்தெட்டு ஏன் ஆகாது என்று கேட்டால் பதில் வராது. ஆனால் இவர்களை ஆய்வாளன் மதிக்கிறான். மதர்போர்டில் பவர் பொத்தானையும் சார்ஜையும் கீபோர்டையும் கவனித்துக்கொள்ளும் சிறு கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும். ஏதோ ஒரு மின்னல் இரவில் அது திகைத்து நின்றுவிட்டால், பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அழுத்தியது யாருக்கும் தெரியப்போவதில்லை. எஞ்சிய மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அது புதிதாக எழும். காசில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, கடைகளில் இம்மதத்துக்கு ஆதரவு குறைவு.

மூன்றாமவர் ரப்பர் மதத்தார். இவர்களைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இவர்களது சடங்கைப் பார்க்காத மெக்கானிக் மேசை இருக்க முடியாது. கீழ்மூடியின் திருகுகள் முதலில் வெளியே வருகின்றன. நீளமானவை ஒரு பக்கம், குட்டையானவை ஒரு பக்கம், எந்த ஓட்டைக்கும் பொருந்தாத ஒன்று தனியாக. ராமின் இருபுறமும் உள்ள வெள்ளிக் கொக்கிகளை இரு கட்டைவிரல் நகத்தால் விலக்கினால், பலகை சாய்வாக எழும்பி நிற்கும். அதை உருவி, அடிவிளிம்பிலுள்ள பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பச் செருகி அழுத்தினால் ‘டக்’ என்று கொக்கி பிடிக்கும். பொத்தானை அழுத்த, திரையில் ஒளி.

சித்தாந்த நோக்கில் இதைவிடச் சுத்தமான சடங்கு கிடையாது. ஆணவ மலத்துக்குச் சாத்திரம் சொல்லும் உவமையே செம்பில் ஏறிய களிம்புதான். ஆனால் உரையாசிரியர் கடமையாக ஒரு தடையை எழுப்பியாக வேண்டும். ராமின் பற்கள் தங்க முலாம் பூசியவை, தங்கம் களிம்பேறாது. மேலே படிவது தூசியும் விரல் எண்ணெயும் நம் கடற்கரை ஊர்களின் ஈரமும். பல சமயம் கழற்றி மாட்டியதே போதுமானதாக இருந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழ, புகழ் ரப்பருக்குப் போய்விட்டது. மிகையாகத் தேய்த்தால் முலாமே போய், பிறகு உண்மையாகவே களிம்பேறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு மேல். ராமைப் பலகையோடு பற்றவைத்தே விற்கும் மெலிந்த கணினிகள் வந்தபின் இம்மதத்தார் ரப்பரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

மதர்போர்டுவாதிகளை மாயாவாதியர்க்கு ஒப்பிடலாம். ராம், டிஸ்க், திரை என்னும் வேறுபாடெல்லாம் தோற்றமே, உள்ளது மதர்போர்டு ஒன்றே, அது போய்விட்டது என்பர். இவர்களோடு வாதிட முடியாது. அவர்கள் சொல்லும் தொகை புதுக் கணினியின் விலைக்கு அருகில் இருப்பதால், வாதிடத் தெம்பும் இருக்காது.

இனி ஃபார்மட் மதத்தார். எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் இவர்களே பெரியவர்கள். ஒரு மதம் இவ்வளவு பரவினால் அதற்கு ஒரு காலத்தில் உண்மையின் துணை இருந்திருக்க வேண்டும்; இருந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் பென்டிரைவ் ஒன்று பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்தால் வைரஸோடு வரும். எதைத் திறந்தாலும் அதுவும் சேர்ந்து திறக்கும். அதைத் தேடிப் பிடித்து அகற்றுவதைவிட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சி.டி.யைப் போட்டு முதலிலிருந்து தொடங்குவது நேரமும் மிச்சம், மனநிம்மதியும் மிச்சம். அன்று அது மருத்துவம். இன்று நோய் மாறிவிட்டது, மருந்துச் சீட்டு அப்படியே இருக்கிறது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்கில் அருகருகே வந்தன. அந்தத் துவைத நிலை பல வீடுகளில் முதல் ஃபார்மட் வரைதான் நீடித்தது; அதன்பின் விண்டோஸ் மட்டும் தங்கியது, அதுவும் எங்கிருந்து வந்த காப்பி என்று யாரும் கேட்கவில்லை.

இம்மதத்தின் தலைமைப் பீடங்களில் ஒன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே ஒரு மாடிக் கடையில் நடந்த உரையாடல் இது. மூல பாடம் என்பதால் திருத்தாமல் தருகிறேன்.

“என்ன சார் பிராப்ளம்?”

“ஆன் ஆகுது தம்பி. விண்டோஸ் வரமாட்டேங்குது.”

“ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கும் சார். ஃபார்மட் அடிச்சிரலாம். டேட்டா எதுனா வேணுமா?”

“வேணுமேப்பா. பொண்ணு கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.”

“சி டிரைவ்ல என்ன வச்சிருக்கீங்க?”

“சி-ல நான் எதுவுமே வைக்கிறதில்ல தம்பி. எல்லாம் டெஸ்க்டாப்லதான்.”

தம்பி ஒரு கணம் அவரைப் பார்த்தான். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்பதை எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்தான் போலும். கடைசியில் தன் கணினியில் டெஸ்க்டாப்பைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையைச் சொடுக்கிக் காட்டினான். சி என்ற எழுத்து அங்கே முதலில் நின்றது. நல்ல பிள்ளை. அவன் கேட்காமலே ஃபார்மட் அடித்திருந்தால் ஒரு கல்யாணம் நடந்ததற்கே ஆதாரம் இல்லாமல் போயிருக்கும்.

வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுப்பது மரபு. டி டிரைவில் கிடப்பது சஞ்சிதம்: மூட்டையாகச் சேர்த்து வைத்தது, ஃபார்மட்டுக்கு அகப்படாதது. சி டிரைவில் இருப்பது பிராரத்தம்: இந்த உடலில் நுகர எடுத்துக்கொண்டது, உடலோடு முடிவது. ஓ.எஸ். போட்டு வீட்டுக்கு வந்த கையோடு, போன தடவை வினையைக் கொண்டுவந்த அதே கிராக் மென்பொருளை மறுபடி தேடி இறக்குவது ஆகாமியம். ஃபார்மட் மதத்தார் பிறவியை மாற்றுகிறார்கள். வினையைத் தொடுவதே இல்லை என்பது நம் மறுப்பு.

அளவை

ஒன்றை அறிந்தோம் என்பதற்கு அளவை வேண்டும். அளவைகள் பத்து வரை எண்ணப்பட்டு, பின்பு காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்கப்படுகின்றன. மடிக்கணினிக்குப் பத்துமே பயன்படும் என்பது ஆய்வில் தெரியவந்தது. இடம் கருதிச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது கருதலளவைக்கு எல்லா நூலும் காட்டும் எடுத்துக்காட்டு. மடிக்கணினியில் புகை தெரிந்தால் கருதுவதற்கு நேரமில்லை. சார்ஜரைப் பிடுங்க வேண்டும்.

‘பொருள்’ என்றோர் அளவை உண்டு. தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான். எனவே இரவில் உண்கிறான். திரை கறுத்துக் கிடக்கும் கணினியில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால், உள்ளே விழிப்பு இருக்கிறது. கணினி உண்டுகொண்டுதான் இருக்கிறது, திரைதான் பட்டினி. அடுத்து அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். மங்கலாக விண்டோஸ் தெரிந்தால் போனது பின்விளக்கு மட்டுமே. எச்.டி.எம்.ஐ. வயரால் வீட்டு டிவியில் மாட்டினால் கல்யாண ஃபோட்டோ அங்கே வந்து நிற்கும். இப்படிப்பட்ட கணினிக்கும் ஃபார்மட் அடிக்கப்பட்டதுண்டு. திரையில் ஒன்றும் தெரியாத நிலையில் அதை எப்படி அடித்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

அபாவம் என்பது இன்மையை அறிதல். தரையில் குடம் இல்லை என்று அறிய, தரையைப் பார்த்திருக்க வேண்டும். குடம் இன்னதென்றும் தெரிந்திருக்க வேண்டும். ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று கணினி அறிவிக்கும்போது அது எந்தத் தரையைப் பார்த்தது? இது பூட் வரிசையைப் பொறுத்தது. பக்கவாட்டில் யாரோ செருகிவிட்டு மறந்த பென்டிரைவ் வரிசையில் முதலில் நின்றால், அதைப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும் கணினிகள் உண்டு. பிடுங்கினால் சரி. பழைய பயாஸ் முறையில் கணினி பார்ப்பது டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும். அதிலும் துவக்கிவைக்கும் நிரலுக்குக் கிடைத்த இடம் 446 பைட், மிச்சத்தில் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்னும் அட்டவணை. யு.இ.எஃப்.ஐ. முறையில் அது பார்ப்பது ஃபேட்32 வடிவத்தில் உள்ள ஒரு சிறு பகிர்வையும் அதற்குள் ஒரு கோப்பையும். டிஸ்கை ஒரு முறையில் பிரித்து, செட்டிங்கை மற்றொரு முறையில் வைத்தால், குடம் கூடத்தில் இருக்க, கணினி கொல்லைப்புறத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சத்தியம் செய்யும்.

செட்டிங்கைத்தான் யாரும் தொடவில்லையே என்றால், பொத்தான் செல்லை விசாரியுங்கள். மதர்போர்டில் 3 வோல்ட் தரும் அந்தக் காசளவுச் செல் உயிரோடு இருக்கும்வரை கடிகாரம் ஓடும். அது தீர்ந்தால் தேதி எங்கோ பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும். பழைய கணினிகளில் செட்டிங்கும் அதோடு சேர்ந்து தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். பயாஸ் திரையில் ஆண்டு தவறாக இருந்தால் அதுவே துப்பு. செல்லின் விலை ஓ.எஸ். போடும் கூலியில் ஒரு மூலைக்கும் காணாது.

ஐதிகம் என்பது, சொன்னவர் இன்னார் என்று தெரியாமல் வழிவழியாக வருவது. இந்த ஆலமரத்தில் பேய் உண்டு என்பது நூல்கள் காட்டும் உதாரணம். ஹார்டு டிஸ்கை பாலிதீன் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்பது நம் காலத்து உதாரணம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதைப் பேய் கூடச் சொல்லும்.

உரை என்பது நம்பத்தக்கவன் வாக்கு. கணினியின் நோயைப் பற்றி அதைவிட நம்பத்தக்கவர் யார்? ஒரு காலத்தில் அது நேராகவே பேசியது. எக்ஸ்.பி. வரை, துவக்கிவைக்கும் கோப்பு காணாமற்போனால் என்.டி.எல்.டி.ஆர். காணவில்லை என்று பேர் சொல்லி முறையிட்டது. விஸ்டாவில் பூட்எம்ஜிஆர் காணவில்லை என்றது. பேர் மாறினாலும் நேர்மை மாறவில்லை. கீபோர்டைக் காணவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று பழைய பயாஸ்கள் சொன்னதில்கூட ஒரு வெள்ளை மனம் இருந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 நீலத்திரையில் ஓர் அழுமூஞ்சியைப் போட்டு, ஏதோ சிக்கல், தகவல் சேகரிக்கிறோம் என்றது. யாருக்குச் சேகரிக்கிறது என்று சொல்லவில்லை. நம்பத்தக்கவன் நலம் விசாரித்தால் அழத் தொடங்குகிறான் என்றால் உரையளவை அன்றே தளர்ந்தது. ஆனாலும் அந்தத் திரையின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். கடைக்குப் போகும் முன் அதை செல்போனில் படம் பிடித்துக்கொள்வது அறிவுடைமை.

ஆய்வாளனுக்குப் பிரியமான அளவை ஒழிபு. எவை அல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதைக் கொள்வது. ராம் இரண்டிருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு ஓட்டிப் பார்ப்பது இவ்வகை. இதன் உச்சம் லினக்ஸ் பென்டிரைவ். உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். திரை வந்து, எலி நகர்ந்து, வைஃபை பிடித்தால், மதர்போர்டு, ராம், திரை அனைத்தும் குற்றமற்றவை என விடுவிக்கப்படுகின்றன. குற்றவாளிக் கூண்டில் டிஸ்கும் விண்டோஸும் மட்டும். அதே உட்காரலில் கல்யாண ஃபோட்டோக்களை வெளி டிஸ்குக்கு நகலெடுத்தும் விடலாம். ஒரே இடையூறு, கெட்ட கணினிக்குப் பென்டிரைவ் தயாரிக்க ஒரு நல்ல கணினி வேண்டும். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இந்தக் குற்றத்தை வடநூலார் அந்நியோந்நியாசிரயம் என்பர். நடைமுறையில் மைத்துனர் வீட்டுக்குப் போக வேண்டும்.

சுபக்கம்

இனி நம் கொள்கை. பொத்தானை அழுத்தியதும் இன்டெல் வழிவந்த செயலி கண்விழிக்கும் இடம் ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டது: 4 ஜி.பி. முகவரி வெளியின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே. அங்கே மதர்போர்டின் சிறு சிப் ஒன்றிலிருந்து அதன் முதல் கட்டளை வருகிறது. அந்த நொடியில் அதற்கு விண்டோஸ் தெரியாது, டிஸ்க் தெரியாது, ராம் என்று ஒன்று இருப்பதுகூட இன்னும் உறுதியில்லை. அந்தச் சிறு நிரல்தான் ராமை எழுப்பி, திரையை எழுப்பி, கீபோர்டையும் டிஸ்கையும் தேடி, பூட் வரிசையைப் பார்த்து, துவக்கியைக் கண்டுபிடித்து, கடைசியில் விண்டோஸ் கையில் சாவியைக் கொடுக்கிறது. விளக்கே எரியாத கணினிக்கும், ராமோடு நின்ற கணினிக்கும், திரை வராத கணினிக்கும் ஓ.எஸ். போடுவது, பந்தக்காலே நடாத கல்யாணத்தில் பாயசத்துக்குச் சர்க்கரை காணாது என்று சண்டை பிடிப்பது.

எனவே கேட்க வேண்டியது, எதுவரை வந்தது என்ற ஒன்றே. கம்பெனிச் சின்னம் வருகிறதா? வந்தால் எஃப்2வோ எஸ்கேப்போ டெலிட்டோ, கம்பெனிக்கு ஏற்றபடி, தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். அங்கே டிஸ்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் டிஸ்க் தளர்ந்திருக்கலாம் அல்லது போயிருக்கலாம். ஃபார்மட் அடிக்க ஆளே இல்லை. பெயர் தெரிந்து, விண்டோஸ் மட்டும் வரவில்லையென்றால் அப்போதுதான் ஓ.எஸ். பக்கம் திரும்புவது நியாயம். அப்போதும் முதலில் பழுதுபார்க்கும் திரை, சேஃப் மோடு, கடைசியாகச் செய்த அப்டேட்டை நீக்குதல் என்று படிகள் உண்டு. ஃபார்மட் கடைசிப் படி.

இறைவனின் ஐந்தொழில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். ஃபார்மட் மதத்தார் அழித்தலை மட்டும் அறிவர். மறைத்தலை அறியாததால் அவர்கள் பட்ட பாடு 2020க்குப் பின் தெரிந்தது. இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலியோடு வந்த பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. என்றோர் ஏற்பாடு இயல்பாகவே இயங்கு நிலையில் வந்தது. எஸ்.எஸ்.டி.யை அது தன் பின்னால் நிறுத்திக்கொள்ளும். அதற்குரிய டிரைவர் உள்ள விண்டோஸுக்கு எல்லாம் தெரியும். விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவுக்கு அந்த டிரைவர் இல்லை. விண்டோஸை எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டுவிட்டு, கீழே ஒரு வெற்றுப் பட்டியலைக் காட்டும்.

இக்காட்சியைக் கண்ட மெக்கானிக் ஒருவர், ஹார்டு டிஸ்க் போச்சு சார் என்றார். வாடிக்கையாளர் புது எஸ்.எஸ்.டி. வாங்கிக் கொடுத்தார். அதையும் மாட்டிப் பார்த்தார்கள். பட்டியல் வெறுமையாகவே இருந்தது. புதியதும் போனது எப்படி என்று சற்று யோசித்துவிட்டு, மெக்கானிக் அங்கேயே மதம் மாறி மதர்போர்டுவாதி ஆனார். பயாஸில் அந்த டிஸ்கின் பெயர் அத்தனை நேரமும் பளிச்சென்று இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. இன்டெல் தரும் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பிரித்து அதே பென்டிரைவில் போட்டு, அந்த வெற்றுப் பட்டியலின் கீழே உள்ள ‘லோட் டிரைவர்’ என்பதைச் சொடுக்கிக் காட்டினால், மறைந்தது வெளிப்படும். அதுவே அருளல்.

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிட்டாலும் டிஸ்க் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டோடு நிறுவப்பட்ட பழைய விண்டோஸ் அதன்பின் எழாது; நீலத்திரை வரும். போதாததற்கு, பயாஸில் கை வைத்தால் பிட்லாக்கர் சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கணக்கு, கணினி வாங்கிய அன்று ஷோரூம் பையன் அவசரத்துக்குத் தன் போனில் ஓ.டி.பி. வாங்கி உருவாக்கியது, அவன் இப்போது வேறு கடையில் ஏ.சி. விற்கிறான்.

எதிர்க்கட்சியார் இன்னும் அடங்கவில்லையெனில் 2024 ஜூலை 19ஐ நினைவூட்டலாம். கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் துவங்காமல் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு உலகம் முழுதும் ஃபார்மட் மதத்தார் கையில் இருந்திருந்தால்? மருந்து வேறாக இருந்தது: சேஃப் மோடில் நுழைந்து, ஒரு ஃபோல்டரில் இருந்த ஒரு கோப்பை நீக்குதல். கணினி எங்கே நிற்கிறது என்று கேட்டவர்கள் கண்டுபிடித்தது அது.

அவத்தை

எஞ்சியது ஒன்று: துவங்காமை பற்றிப் பேசியவன் அணைதல் பற்றிப் பேசாவிட்டால் ஆய்வு முற்றுப்பெறாது. ஆன்மாவுக்குச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகள். இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூவரும் 1996இல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. வரையறையும் கணினியின் உறக்கத்தைப் படிப்படியாகவே வகுத்தது. வேலை செய்வது சாக்கிரம். திரை மட்டும் அணைந்தால் சொப்பனம். மூடியை மூடியதும் விளக்கு மெல்ல மூச்சுவிடுவது சுழுத்தி. ராமில் இருந்ததை டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தைத் துறப்பது துரியம். அனைத்தும் ஒடுங்குவது துரியாதீதம்.

ஷட்டவுன் கொடுத்தால் துரியாதீதம் என்றுதான் வீட்டார் நம்புகிறார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாட்டால், ஷட்டவுன் கொடுக்கும்போது ஓ.எஸ்ஸின் உட்கரு அணைவதில்லை. டிஸ்கில் எழுதிவைக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. தினமும் ஷட்டவுன் பண்றேன் என்பவரின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப்டைம் என்ற இடத்தைப் பாருங்கள். நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். நேற்றைய கோளாறு இன்று காலையும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பதன் மர்மம் இதுவே. முழுதாக ஒடுங்கி எழுவது ரீஸ்டார்ட்டில்தான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் முழு ஒடுக்கம் கிடைக்கும்.

சரிசெய்த கணினியைக் கையில் கொடுக்கும்போது மெக்கானிக் தம்பி குரலைத் தாழ்த்தி, “ரெண்டு நாளைக்கு ஆஃப் பண்ணாம ஓட்டுங்க சார், மூடி மட்டும் வைங்க” என்றால், சுழுத்தியிலேயே வைத்திருக்கச் சொல்கிறான் என்று பொருள். காரணம் அவனுக்குத் தெரியும். கடையிலேயே நின்று ஒரு ரீஸ்டார்ட், ஷிஃப்டோடு ஒரு ஷட்டவுன், இரண்டையும் நம் கையால் கொடுத்துப் பார்த்து, இரண்டு முறையும் டெஸ்க்டாப் வந்த பிறகு செல்போனை எடுத்தால் போதும். பார்க்காமலே ஜிபே பண்ணுவது பரபக்கத்தார் வழக்கம்.